தாளைத் திருப்பாததால் போன ஒரு வருஷம்

போன வாரம் முடிவு வந்தது. உளவியல் அளவியல் (மனப் பண்புகளைக் கேள்வித்தாள்களால் அளக்கும் முறை) தாளில் இரண்டாவது முயற்சியில் தேறிவிட்டேன். முதல் முறை என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்வி: இந்த ஆளுமைக் கேள்வித்தாள் ஆண், பெண் இரு தரப்பையும் ஒரே மாதிரி அளக்கிறதா? இதைப் படிப்படியாகச் சோதிப்பார்கள்: இரு குழுவிலும் கூற்றுகளின் அமைப்பு ஒன்றா (கான்ஃபிகரல்), ஒவ்வொரு கூற்றும் பண்போடு ஒட்டும் அளவான சுமை சமமா (மெட்ரிக்), பதில் தொடங்கும் உயரமான இன்டர்செப்ட் சமமா (ஸ்கேலர்). அட்டவணையில் கான்ஃபிகரல் சரி, மெட்ரிக் சரி. உடனே சராசரிகளை ஒப்பிட்டு, "பெண்களுக்குப் பதற்றம் அதிகம்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஸ்கேலர் வரி அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் திருப்பவே இல்லை.

அதனால் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். சுமைகள் சமமானால், அந்தப் பண்புக்கு மற்றவற்றோடு உள்ள உறவுகளைக் குழுக்களுக்கிடையே ஒப்பிடலாம். சராசரியை ஒப்பிட இன்டர்செப்டும் சமமாக இருக்க வேண்டும்.

சூத்திரமாகப் படித்தவரை எனக்கு இது ஏறவில்லை. படம் போட்ட பிறகுதான் ஏறியது. "எனக்குச் சட்டென்று அழுகை வரும்" என்ற கூற்றை எடுங்கள். கிடைக்கோட்டில் உண்மையான பதற்றம், செங்குத்துக் கோட்டில் எதிர்பார்க்கும் பதில். குழுவுக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் ஒரே சாய்வு, ஆனால் பெண்களின் கோடு அரைப் புள்ளி மேலே என்று வைத்துக்கொள்வோம். பதற்றம் ஒரே அளவுதான். ஆண் 3 போடும் இடத்தில் பெண் 3.5 போடுவார். சாய்வுதான் சுமை, உயரம்தான் இன்டர்செப்ட். அழுகையை ஒத்துக்கொள்வதில் உள்ள வித்தியாசம் பதற்றத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. சாய்வே வேறானால் மெட்ரிக்கிலேயே உடையும். பாடத்தில் டிஃப் (ஒரே அளவு பண்பு உள்ளவர்களிடமும் ஒரு கூற்று குழுவுக்குக் குழு வேறு மாதிரி வேலை செய்வது) பகுதியில் அதையே சீரற்ற டிஃப் என்பார்கள்.

இதைப் படித்த வேகத்தில் எதிர்ப்பக்கம் விழுந்துவிடவும் கூடாது. சராசரி வேறுபடுவதாலேயே கேள்வித்தாள் பாரபட்சமானது என்று ஆகாது. குழுக்கள் உண்மையிலேயே வேறுபடலாம்.

அப்புறம் சில:

- ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது மாதிரியமைப்பு தரவோடு பொருந்துவது கெடுகிறதா என்று பார்க்க, கை ஸ்கொயர் என்ற சோதனையின் வித்தியாசத்தை மட்டும் நம்பாதீர்கள். பதில் சொன்னவர்கள் எண்ணிக்கை பெரிதானால் துளி வேறுபாட்டுக்கும் கூச்சல் போடும். சிஎஃப்ஐ (பொருத்தம் கூடினால் ஏறும் எண்) 0.01-க்கு மேல் குறையக்கூடாது என்பது சியுங், ரென்ஸ்வோல்ட் (2002) சொன்னது. சென் (2007) கூடவே ஆர்எம்எஸ்இஏ (பொருத்தம் கெட்டால் ஏறும் எண்) 0.015 ஏறுகிறதா என்றும் பார்க்கச் சொல்கிறார்.
- ஸ்கேலர் உடைந்தது என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடாதீர்கள். எந்தக் கூற்று கோணல் என்று கண்டுபிடித்து, அதன் இன்டர்செப்டை மட்டும் விடுவித்து, பகுதிச் சமநிலைக்கு (மற்ற கூற்றுகள் மட்டும் குழுக்களுக்குச் சமம் என்று கொள்வது) போங்கள். இது பைர்ன், ஷேவல்சன், முத்தேன் (1989) சொன்ன வழி.
- அளவுகோலை நிலைநிறுத்த, இரு குழுவிலும் சுமையை 1 என்று கட்டிவைத்த கூற்றைச் சந்தேகப்படுங்கள். அதுவே கோணலாக இருந்தால் பழி நல்ல கூற்றுகள் மேல் விழும்.
- எதைக் கேட்டாலும் "ஆம்" போடும் பழக்கம் ஒரு குழுவில் தூக்கலாக இருக்கலாம். எதிர்த்திசைக் கூற்றுகள் ("இல்லை" என்றால்தான் பண்பு அதிகம் என்று ஆகும் கூற்றுகள்) இருக்கின்றனவா என்று முதலில் எண்ணுங்கள்.

டிஃப்பைக் கண்டுபிடிக்கும் இன்னொரு வழியான மான்டெல்-ஹேன்செல் கணக்கை இந்த முறையும் தொடவில்லை. மதிப்பெண் வாரியாக அட்டவணை அட்டவணையாகப் போட எனக்குப் பொறுமை கிடையாது. அதை மட்டும் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.