கண்காட்சிக்கு முன் அச்சுப்படியைக் கேட்டு வாங்குங்கள்

எங்கள் மாதர் சங்கத்தின் பனையோலை வேலைக்கு உதவிய அறக்கட்டளை ஒன்று, தான் கைகொடுத்த திட்டங்களை யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் காட்சிக்கு வைத்து, கையேடும் அச்சடித்தது. எங்கள் பக்கம் கடைசியில் ஒழுங்காக வந்துவிட்டது. ஆனாலும் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

கண்காட்சியில் சேரக் கேட்ட விண்ணப்பம், சங்கப் பதிவின் பிரதி, வங்கிக் கணக்கறிக்கை எல்லாம் சிக்கலில்லாமல் போயின. விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதத்தில்தான் இழுபறி தொடங்கியது. வேலணையிலிருந்து பஸ் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து கொண்டுபோய்க் கொடுத்தால், "பிரதேச செயலாளரின் மேலொப்பம் இல்லையே, அக்கா" என்று அறக்கட்டளை அலுவலகத்தில் இருந்த தம்பி தாளைத் திருப்பித் தந்தார். அவர்கள் அனுப்பிய பட்டியலில் அப்படி ஒரு வரியே கிடையாது. அன்றைய நாள் அதோடு போச்சு. என்னென்ன தாள், யார் யார் ஒப்பம் என்பதை முதலிலேயே வட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

சரி, அதுகூடப் பரவாயில்லை. கையேட்டுப் பக்கத்தின் அச்சுப்படி, அதாவது அச்சடிக்கும் முன் சரிபார்க்கும் படி, வந்தபோதுதான் நெஞ்சு கொதித்தது. எங்கள் சங்கத்தின் மூத்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கும் படம். கீழே, கண்ணீரில் வாழ்ந்தவர் அறக்கட்டளையின் பயிற்சியால் ஓலை பின்னக் கற்றுத் தலைநிமிர்ந்தார் என்று எழுதியிருந்தார்கள். அவரிடம் காட்டினேன்.

"நான் எங்க பிள்ளை அழுதனான்? வேர்வையெல்லோ துடைச்சனான். பின்னப் பழக்கினது என்ர அம்மா."

அரசின் பனை அபிவிருத்திச் சபை வந்ததே 1978இல். இந்த அம்மா அதற்கு முன்பே கடகம் பின்னி விற்றவர். அறக்கட்டளை தந்தது கொட்டிலுக்குக் கூரை, சாயம் காய்ச்சும் பெரிய பானை, ஒரு தையல் மெசின். பெரிய உதவிதான், நன்றியோடு சொல்கிறோம். மழை நாளில் ஓலை நனையாமல் வேலை நடப்பது அந்தக் கூரையால்தான். அதையே எழுதியிருக்கலாமே!

தொலைபேசியில் பேசிய இணைப்பாளர், "அச்சுக்குப் போயாச்சு. இப்படி எழுதினால்தான் காசு தருபவர்களின் மனம் இளகும்" என்றார். காசு தருபவருக்குத் தன் காசு எங்கே போனது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒருவரின் முகத்தில் இல்லாத கண்ணீரை வைக்கத் தேவையில்லை.

அவர்கள் எங்களிடம் ஒப்பம் வாங்கிய சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. இந்தப் படத்துக்கும் வசனத்துக்கும் சம்மதமில்லை என்று தமிழில் கடிதம் எழுதி, அந்த அம்மாவின் ஒப்பத்தோடு தலைமை அலுவலகத்துக்கே அனுப்பினோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் குறிப்பிட்டோம். திருத்திய வசனம், கூரைக்கும் பானைக்கும் மெசினுக்கும் உரிய பற்றுச்சீட்டுப் பிரதிகள், வேறொரு படம் ஆகியவற்றையும் சேர்த்தே அனுப்பினோம். மாற்று கையில் இருந்ததால் அவர்களுக்கும் வேலை சுலபமாகிவிட்டது. பக்கத்தை மாற்றினார்கள்.

புதிய படத்தில் அவருடைய கைகள் மட்டும்: கடகத்தின் விளிம்பை நாரால் இறுக்கிக் கட்டுகிற கைகள், பெருவிரல் நகத்தில் சிவப்புச் சாயம். கண்காட்சியில் அதன் முன் நின்று, "நீத்துப்பெட்டி கிடைக்குமோ?" என்று புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டியைக் கேட்டவர்கள் பலர். பலகையில் அறக்கட்டளையின் இலக்கம்தான் இருந்தது, எங்களுடையது இல்லை. உடனே ஒரு அட்டையில் சங்கத்தின் இலக்கத்தை எழுதிக் கட்டித் தொங்கவிட்டோம். அன்று பின்னேரமே ஓடர் வந்தது.

படங்களை நீங்களே காலை வெளிச்சத்தில் எடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், அச்சுக்கு உதவாது. மின்னஞ்சலில் மூலப்படத்தை அனுப்புங்கள். சங்கத்தின் தொலைபேசி இலக்கம் போட்டிருக்கிறதா என்று அச்சுப்படியிலேயே பாருங்கள்.