ஒருவழியாக வாத்து விழுந்தது

டிவியில் வாத்து சுடும் பழைய வீடியோ கேம் டக் ஹண்ட், அதன் துப்பாக்கி வேலை செய்கிறது! பிக்சர் ட்யூப் வைத்த பழைய குழாய் டிவியில், நடு ஹாலில், டியூப்லைட் எரியும்போதே. நாய் புதரிலிருந்து எழுந்து வாத்தைத் தூக்கிக் காட்டியதும் அக்கா மகன், "இதுக்காகவா மாமா இவ்ளோ நாளா சாலிடரிங் புகையில உட்கார்ந்திருந்தே?" என்றான். ஆமாம்டா, இதுக்குத்தான்.

கேம் பெட்டி, கேசட், பேடு கதைகளை மறுபடி சொல்லப்போவதில்லை. 60 பின் கேசட்டின் முனைகளை அழிரப்பரால் தேய்ப்பது, ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைப்பது, வாயால் ஊதக்கூடாது என்பது எல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். என்னுடையது நின்டெண்டோ ஃபேமிகாம் பெட்டியின் வழக்கமான சீன நகல். திறந்தால் போர்டு நடுவே கறுப்பாக ஒரு சொட்டு, மூளை மொத்தமும் அதற்குள். 9 வோல்ட் அடாப்டர், உள்ளே அதை 5 வோல்ட்டாக்கும் ஒரு 7805.

டிவி கிடைத்ததுதான் அதிர்ஷ்டம். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்ததே, அந்தச் சின்ன கலர் டிவி, 14 அங்குலம். வேலூரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. எல்இடி வந்த பிறகு முதலில் பரணுக்குப் போனது, அப்புறம் காயலான் கடைக்கு. காகிதப்பட்டறைப் பக்கம் ஒரு கடையில் வெளியே வெயிலில் கிடந்ததை எடைக்குப் போட்டு வாங்கினேன். முன்பக்கக் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. தூசி தட்டி, காய்ந்துபோன இரண்டு கெப்பாசிட்டரை மாற்றியதும் படம் பளிச்சென்று வந்துவிட்டது. அணைத்து வைத்த டிவியாக இருந்தாலும் பிக்சர் ட்யூபின் அந்த ரப்பர் தொப்பிக்குப் பக்கம் கை போகக்கூடாது. உள்ளே நிற்பது 20,000 வோல்ட் கணக்கு.

இப்போது துப்பாக்கி.

இது எதையும் சுடுவதில்லை, பார்க்க மட்டும்தான் செய்கிறது. குழலுக்குள் ஒரு லென்ஸ், அதன் பின்னால் வெளிச்சத்தை உணரும் ஒரு போட்டோ டிரான்சிஸ்டர். ட்ரிக்கரை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து மினுக்கும் இல்லையா, அந்த மினுக்கலில்தான் மொத்தச் சூத்திரமும் இருக்கிறது. முதல் ஃபிரேமில் (திரைக்கு வரும் ஒவ்வொரு முழுப் படமும் ஒரு ஃபிரேம்) திரை முழுக்கக் கறுப்பு. அடுத்த ஃபிரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். முதலில் இருட்டு, உடனே வெளிச்சம் என்று துப்பாக்கி சொன்னால் வாத்து காலி. இரண்டு வாத்து இருந்தால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எந்த ஃபிரேமில் வெளிச்சம் தெரிந்தது என்பதை வைத்து எந்த வாத்து என்று தெரிந்துகொள்ளும். முதலில் கறுப்பைக் காட்டுவது எதற்கென்றால், பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க. 1984-இல் இதை யோசித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் குழாய் டிவியில்தான் நடக்கும். அங்கே எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழே கோடு கோடாக வரைந்துகொண்டு போகிறது, ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ நொடி. பெட்டி அனுப்புகிற அதே நேரத்தில் திரையில் புள்ளி எரிகிறது. எல்இடி டிவி சிக்னலை வாங்கி, டிஜிட்டலாக மாற்றி, அளவைப் பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டுவதற்குள் சில பத்து மில்லி நொடி போய்விடும். ஒரு ஃபிரேமே 20 மில்லி நொடிதான். வெள்ளைக் கட்டம் திரைக்கு வந்து சேரும்போது விளையாட்டு தீர்ப்பை எழுதி முடித்திருக்கும்.

சரி, என்னிடம் குழாய் டிவி இருக்கிறது, அப்புறம் என்ன? அப்படித்தான் நானும் நினைத்தேன். திரை மினுக்குகிறது, நாய் சிரிக்கிறது, வாத்து பறந்துவிடுகிறது. திரையில் குழலை ஒட்டி வைத்துச் சுட்டாலும் அதே கதை.

ட்ரிக்கர் சுவிட்ச் சரி. ஒயரில் அறுபடல் இல்லை. லென்ஸில் படிந்திருந்த பாசியைத் துடைத்தாயிற்று. டிவியில் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் இரண்டையும் கண் கூசும் அளவுக்கு ஏற்றியாயிற்று. போட்டோ டிரான்சிஸ்டர்தான் செத்துவிட்டதா என்று பார்க்க மீட்டரைப் பிடித்துக்கொண்டு குண்டு பல்பை நோக்கி நீட்டினால் முள் துள்ளுகிறது. வாசலுக்குப் போய் வெயிலில் நீட்டினேன், இன்னும் அதிகமாகத் துள்ளியது (வேலூர் வெயிலுக்கு எதுவும் துள்ளும்). ஆக அது உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் வெள்ளைத் திரைக்கு முன்னால் கொண்டுபோனால் முள் படுத்தே கிடக்கிறது. ஹாலில் இருக்கும் எல்இடி பல்புக்கும் அசையவில்லை. குண்டு பல்பு தெரிகிறது, எல்இடி பல்பு தெரியவில்லை. இந்த ஒரு வரியை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் வெறித்துப் பார்த்தேன்.

எதேச்சையாக டிவியின் ஒலியைக் குறைக்க ரிமோட்டை எடுத்தேன். முள் ஆடியது. மறுபடி அழுத்தினேன், மறுபடி ஆடியது. அட!

துப்பாக்கியையும் மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு லாங் பஜார் பக்கத்துச் சந்தில் இருக்கும் டிவி மெக்கானிக் பாயிடம் போனேன். ட்யூப் டிவி காலத்திலிருந்தே அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர். "இன்னா தம்பி, பொம்மத் துப்பாக்கிய எடுத்துனு வந்துகீற?" என்று கேட்டுவிட்டு, கண்ணில் லென்ஸை மாட்டி உள்ளே பார்த்தார். "இது ரிமோட்டுக்குப் போடற கறுப்புக் கண்ணு. எவனோ கையில கெடச்சத சொருவிகீறான். இதுக்கு ரிமோட் வெளிச்சந்தான் தெரியும், டிவி வெளிச்சம் தெரியாது."

அதேதான். அந்தக் கறுப்பு உறை கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத் தடுத்து, அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும். ரிமோட்டுக்கு அதுதான் வேண்டும், இல்லையென்றால் அறை விளக்கெல்லாம் குறுக்கே வந்து குழப்பும். குண்டு பல்பிலும் வெயிலிலும் அகச்சிவப்பு தாராளம். எல்இடி பல்பிலும் டிவி திரையிலும் அது இல்லாத குறை. எனக்கு முன்னால் இந்தத் துப்பாக்கியை ரிப்பேர் பார்த்த புண்ணியவான் அளவு சரியாகப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்.

மாற்றாக பாய் சொன்னது, அடியில் உருண்டை உருளும் பழைய கம்ப்யூட்டர் மவுஸ். அதற்குள் வெள்ளைக் கண்ணாடி போன்ற உறையில் போட்டோ டிரான்சிஸ்டர் இருக்கும். என் மவுஸில் இருந்தது மூன்று கால் கொண்டது, ஒரே உறைக்குள் இரண்டு. பாதியை மட்டும் இணைத்தேன். வெள்ளைத் திரைக்கு முள் ஆடியது! ஆனால் தலை தட்டையாக இருப்பதால் லென்ஸின் குவியத்தில் ஒழுங்காக உட்காரவில்லை, திரையை ஒட்டி நின்றால்தான் சுடும். கடைசியில் காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்கே போய், உருண்டைத் தலை கொண்ட தெளிவான உறைக்காரன் ஒன்றை வாங்கினேன். பத்தாகத்தான் தருவேன் என்றார் கடைக்காரர். மீதி ஒன்பது டப்பாவில் தூங்குகிறது.

இதற்கு முன்பே ஓர் இணையக் கடையில் இதே பொருளுக்குப் பணம் கட்டி, வந்து சேர்ந்தது சாதாரண எல்இடி. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்ற தைரியம் விற்றவருக்கு. திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையைவிட அதிகம். ரிச்சி தெருவில் குறைந்தபட்சம் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துச் சண்டை போடலாம்.

கண் மாறிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருந்தது, கண்ணோடு சேர்த்துப் போடும் லோடு ரெசிஸ்டர். இதில்தான் உண்மையான நுணுக்கம். 100 கே (கிலோ ஓம்) போட்டால் கண் கூர்மையாகிறது, ஆனால் சோம்பேறியாகிவிடுகிறது. கற்றை வெள்ளைக் கட்டத்தைக் கடப்பது கண நேரம், அதற்குள் எழுந்து விழ அதனால் முடியவில்லை. போதாக்குறைக்கு டியூப்லைட்டையும் பார்த்துத் தொலைக்கிறது. 10 கே போட்டால் வேகம் இருக்கிறது, பார்வை இல்லை. 47 கே வைத்ததும் சோபாவில் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாத்து விழுந்தது. உங்கள் துப்பாக்கியில் வேறு மதிப்பு வரலாம். ஒரு ப்ரீசெட் (மதிப்பை மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) வைத்துத் திருகிப் பார்த்துவிட்டு, பிறகு நிலையான ரெசிஸ்டர் போடுங்கள்.

இவ்வளவு மல்லுக்கட்டிய பிறகு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பழைய கேம் பிடித்திருக்கிறது என்றால் உடனே சின்ன வயசு ஞாபகம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அக்கா மகனுக்கு என்ன ஞாபகம்? அவன் பிறந்தபோது காண்ட்ரா என்ற சுடும் கேம் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவனே ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு "இன்னும் ஒரு ஆட்டம்" என்கிறான். டக் ஹண்டில் நான் சுடும்போது அவன் பேடைப் பிடித்து வாத்தை ஓட்டுகிறான். ஒரு வாத்து மட்டும் வரும் ஆட்டத்தில் அப்படிச் செய்யலாம் என்பது உங்களில் பலருக்கே தெரியாது. டேங்க் கேமில், அதான் 1985-இல் நாம்கோ போட்ட பேட்டில் சிட்டி, கழுகைச் சுற்றி நான் காப்பாற்றும் செங்கலை அவன்தான் முதலில் உடைக்கிறான்.

அவனைப் பிடித்து வைத்திருப்பது அந்த உடனடித்தனம் என்று நினைக்கிறேன். பட்டனை அழுத்தினால் மாரியோ குதிக்கிறான். நடுவில் யாரும் இல்லை. லாகின் இல்லை, அப்டேட் இல்லை, விளம்பரம் இல்லை, "இன்றைய பரிசைப் பெற்றுக்கொள்" இல்லை. அவனுடைய கம்ப்யூட்டரில் ஒரு புது கேம் 100 ஜிபிக்கு மேல் இடம் பிடித்திருக்கிறது. அதைத் திறந்து ஆட ஆரம்பிப்பதற்குள் நாங்கள் இங்கே ஓர் ஆட்டம் முடித்துவிடுகிறோம். சூப்பர் மாரியோ மொத்தமே 40 கேபி: நிரலுக்கு 32, படங்களுக்கு 8. சித்தப்பா காலையில் அனுப்பும் குட் மார்னிங் படம் இதைவிடப் பெரியது. அந்த இடத்துக்குள் 32 லெவல்களை அடைக்க வேண்டியிருந்ததால்தான் மேகத்தின் படத்தையே பச்சை அடித்துப் புதராக வைத்தார்கள். காண்ட்ராவில் குண்டுகள் அதிகமானால் உருவங்கள் விட்டுவிட்டு மினுக்கும், ஒரு கோட்டில் எட்டு ஸ்ப்ரைட்டுக்கு (நகரும் உருவத் துண்டுக்கு) மேல் காட்ட அந்தச் சிப்பால் முடியாது. "அடாப்டர் போயிடுச்சா மாமா?" என்று கேட்டான்.

அதற்காகப் பழசெல்லாம் தங்கம் என்று சொல்ல மாட்டேன். பாதி கேம்கள் குப்பை. "9999 இன் 1" கேசட்டை வாங்கி ஏமாறாதவர் நம்மில் யார்? உள்ளே இருப்பது ஒரு கைப்பிடி கேம், மற்றதெல்லாம் அதே கேமை வேறு லெவலில் தொடங்கிவிட்டு வேறு பெயர் வைத்தது. புதுசிலும் கை நேராகத் திரைக்குப் போகிற கேம்கள் வருகின்றன. 2014-இல் வந்த ஷவல் நைட்டை அவன் கம்ப்யூட்டரில் ஆடிப் பார்த்தேன், பழைய பாணி, நன்றாகவே இருக்கிறது. கதை சொல்வதில் புதுசுக்குப் பக்கத்தில்கூடப் பழசு வராது. நாற்பது மணி நேரக் கேமில் விட்ட இடத்திலிருந்து தொடர முடிவதும் பெரிய வசதிதான், மாரியோவின் எட்டாம் உலகத்தில் கரண்ட் போனவர்களுக்கு அது புரியும்.

இன்னொரு விஷயம், வேகம். நம்மூரில் விற்ற நகல் பெட்டிகளில் பல, பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை டிவிக்காக 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 ஃபிரேமில், ஓடுபவை. ஜப்பானில் 60. அதாவது நாம் ஆடிப் பழகிய மாரியோ, அசலைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவானவன். கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டியைப் போல நடிக்கும் எமுலேட்டரில் முதல்முறை ஆடியபோது பள்ளத்தில் போய்ப் போய் விழுந்ததற்கு இதுதான் காரணம். என் பெட்டியில் வேகத்துக்குத் தாளம் போடும் 26.601712 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கிறது. கிரிஸ்டலை மட்டும் மாற்றி இதை 60-க்குக் கொண்டுவர முடியாது, கறுப்புச் சொட்டே பால் (PAL) ரகம். அதனால் 60 ஹெர்ட்ஸ் பெட்டி ஒன்று தனியாகத் தேட வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆடிப் பார்க்க ஆசை.

துப்பாக்கி முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேனே தவிர, மூடி இன்னும் திருகப்படவில்லை. ஒரு திருகு மரை போய்விட்டது, கறுப்பு டேப்பில் நிற்கிறது. ஒயர் பிடிக்குள் நுழையும் இடத்தில் வளைந்து வளைந்து நைந்திருக்கிறது, அங்கே ஒரு ரப்பர் குழல் மாட்ட வேண்டும். அப்புறம் சத்தம். பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, திரையிலும் ஒரு மங்கல் பட்டை மெதுவாக மேலேறுகிறது. அடாப்டரின் ஃபில்டர் கெப்பாசிட்டர் மேல்தான் சந்தேகம். உள்ளே 1000 மைக்ரோ ஃபாரட் இருக்கிறது, 2200 போட்டுப் பார்க்கப் போகிறேன். இதற்காகவும் ரிச்சி தெரு போக மாட்டேன், பாய் மேசை இழுப்பறையிலேயே கிடக்கும்.