நாண்மகிழிருக்கை

திருவொற்றியூரில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் நோட்ஸில் 'நாண்மகிழிருக்கை'க்கு 'அரசவை' என்று ஒரே சொல்லில் பொருள் போட்டிருக்கிறது. மார்க்குக்கு அது போதும். எனக்குத்தான் மனசு ஆறவில்லை, ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் ஒரு பொழுதே இருக்கிறது.

நாள் + மகிழ் + இருக்கை. பழந்தமிழில் நாள் என்றால் காலைப்பொழுது என்றும் பொருள் உண்டு. மதுரையில் பகலில் கூடியது நாளங்காடி, இரவில் கூடியது அல்லங்காடி. இதைச் சொன்னதும் காசிமேட்டிலிருந்து வரும் பெண், "அப்போ எங்க ஆயா மீன் ஏலம் எடுக்கப் போற நேரம், சார்" என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள்.

மகிழ் என்றால் மகிழ்ச்சி. கள்ளுக்கும் அதே பெயர்தான். காலையில் அரசன் கள்ளருந்தி, யாழிசைத்துப் பாடும் பாணரும் புலவரும் சூழ, பரிசில் வழங்கியபடி அமர்ந்திருப்பதுதான் நாண்மகிழிருக்கை. கபிலர் இதை எங்கே கொண்டுபோய் வைக்கிறார் பாருங்கள். புறநானூறு 123:

"நாட்கள் உண்டு நாண்மகிழ் மகிழின்
யார்க்கும் எளிதே தேரீ தல்லே"

நாட்கள் என்றால் இங்கே காலைக் கள். காலையிலேயே குடித்துவிட்டுக் களிப்பில் இருக்கும்போது தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் எளிது. குறுநில மன்னன் மலையமான் திருமுடிக்காரி குடிக்காமலே கொடுத்த தேர்களோ முள்ளூர் மலைமேல் விழும் மழைத்துளியைவிட அதிகம். நாண்மகிழ் என்ற வழக்கம் கேட்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தால்தான் இந்தப் பாராட்டு எடுபடும். 'அரசவை' என்று மட்டும் படித்த பிள்ளைக்கு இதில் பாதி போய்விடும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது 29ஆம் பாட்டு. சோழன் நலங்கிள்ளியிடம் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சொல்கிறார்: "பாண்முற்றுக நின் நாண்மகி ழிருக்கை". பொற்றாமரை சூடிய பாணர்கள் உன் காலை ஓலக்கத்தை, அதாவது நீ கொலுவிருக்கும் அவையை, சூழட்டும் என்பது பொருள். ஆனால் 'முற்றுதல்' கோட்டையை வளைப்பதற்கும் உரிய சொல். இதே நலங்கிள்ளி ஆவூரையும் உறையூரையும் முற்றியிருந்ததை 44, 45ஆம் பாட்டுகளின் அடிக்குறிப்பு சொல்கிறது. உள்ளே அடைத்துக்கொண்டு கிடந்தவன் இன்னொரு சோழனான நெடுங்கிள்ளி. ஊரை முற்றுகிறவனைப் பாணர் முற்றட்டும் என்கிறார் புலவர். நான் இந்த இடத்தில் வகுப்பை நிறுத்திவிட்டு மறுபடி ஒருமுறை படிக்கச் சொல்வேன்.

அப்புறம் வந்த காலத்தில் ஓலக்கம் என்ற சொல் பரவியது. சைவர்களுக்கு அது திருவோலக்கம், இறைவன் கொலுவீற்றிருப்பது. எங்கள் ஊர்க் கோயிலிலேயே, இரண்டாம் இராசாதிராச சோழன் வந்து அமர்ந்து சுந்தரர் புராணம் கேட்டதைச் சொல்லும் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அங்கே கள் இல்லை, பாணர் இல்லை, அதனால் அது நாண்மகிழிருக்கையும் இல்லை.

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமைச்சர்கள் கூடி வழக்கு விசாரிக்கும் காட்சிக்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள். அதற்கு அவையம் இருக்கிறது. காலை வெயில், கள், யாழோடு காத்திருக்கும் பாணன், இதெல்லாம் உங்கள் காட்சியில் இருந்தால் தயங்காமல் நாண்மகிழிருக்கை என்றே எழுதுங்கள்.