பதினோராவது அணி: சில நாட்குறிப்புகள்

23 மே 2023, செவ்வாய்

டென்வர் நகெட்ஸ் 113-111 என்று வென்று, லேக்கர்ஸ் அணியை நான்கே ஆட்டங்களில் வெளியேற்றிவிட்டது. 1976இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் சேர்ந்த அந்த அணி இறுதிச் சுற்றுக்குள் நுழைவது இதுவே முதல் முறை. எல்லோருடைய கண்ணும் டென்வரின் நட்சத்திரம் யோகிச்சின் மேல் இருக்க, என் கண் 32ஆம் எண் சட்டையையே தேடிக்கொண்டிருந்தது. ஜெஃப் கிரீனுக்கு வயது 36. அவருக்கு இது பதினோராவது அணி.

24 மே

இன்றைய ஸ்கேனில் என் மகாதமனி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், 5.2 செ.மீ. மருத்துவக் குழு கூடிய பிறகுதான் அறுவைக்கு நாள் சொல்வார்களாம்.

25 மே

தூக்கம் வரவில்லை. 2011 டிசம்பரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பாஸ்டன் செல்டிக்ஸ் அணி கிரீனுடன் ஓராண்டுக்கு 90 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் பேசியிருந்தது. பருவம் தொடங்குமுன் வழக்கமாகச் செய்யும் உடற்பரிசோதனையில், இதயத்திலிருந்து மகாதமனி கிளம்பும் இடத்தில் வீக்கம் இருப்பது தெரிந்தது. வலி இல்லை, மூச்சிரைப்பு இல்லை, ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஒப்பந்தம் ரத்தானது. 2012 ஜனவரி 9 அன்று கிளீவ்லாந்தில் அறுவை சிகிச்சை நடந்தது.

அவருக்கு அப்போது 25 வயது. மைதானத்தில் எவராலும் தடுக்க முடியாத ஒரு உடம்பு ஒரு படத்தைப் பார்த்தவுடன் தாளில் செல்லாததாகிவிடுகிறது என்பதை என்னால் இன்னமும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்தப் பரிசோதனை நடக்காமல் இருந்திருந்தால் ஏதோ ஓர் ஆட்டத்தின் நடுவே அவர் விழுந்திருக்கக்கூடும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் உண்மைதான், இரவு இரண்டு மணிக்கு முதலாவது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

27 மே

நாள் சொல்லவில்லை.

29 மே

மைதானத்துப் பையன்களில் ஒருவன் போனில் அழைத்து, "சார், எப்ப வருவீங்க?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் அவனுக்குக் கிரீனின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். நெடுநேரம் பேசிவிட்டேன் போலிருக்கிறது. அவன் பொறுமையாகவே கேட்டான்.

2007இல், அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் இரவில், செல்டிக்ஸ் அவரை ஐந்தாவது தேர்வாக எடுத்து, ரே ஆலன் என்ற மூத்த ஆட்டக்காரரைப் பெறுவதற்காக அதே இரவில் சியாட்டில் அணிக்குக் கொடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு ஆலனுடன் பாஸ்டன் கோப்பையை வென்றது. சியாட்டில் அணியோ நகரத்தையே விட்டு ஓக்லஹோமாவுக்குப் பெயர்ந்தது. முதல் பருவம் முடிந்தவுடனேயே அவர் ஆடிய ஊரில் அணி என்று ஒன்று இல்லாமல் போயிற்று. 2011இல் மறுபடியும் பாஸ்டன், 2015இல் மெம்ஃபிஸ், 2016இல் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ், அதே கோடையில் ஒர்லாண்டோ. அதன் பிறகு கிளீவ்லாந்து, வாஷிங்டன், யூட்டா, ஹூஸ்டன், புரூக்ளின், டென்வர் என்று பெட்டியைத் திறப்பதற்குள் மறுபடி கட்ட வேண்டிய வாழ்க்கை.

அவன் கேட்டான்: "அவ்வளவு நல்ல ஆட்டக்காரர்னா ஏன் சார் யாரும் வெச்சுக்கல?"

அந்தக் கேள்வியைத் தலைகீழாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். பத்து அணிகள் அனுப்பிவைத்த ஒருவரைப் பதினோராவது அணி ஏன் கூப்பிடுகிறது? உயரமானவரையும் வேகமானவரையும் ஒருசேரக் காக்கத் தெரிந்தவர், தனக்காக ஆட்டமுறையை மாற்றச் சொல்லாதவர், எந்தப் பயிற்சியாளரின் திட்டத்தையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்பவர். இவற்றையெல்லாம் நான் அவனிடம் இந்த ஒழுங்கில் சொல்லவில்லை.

2 ஜூன்

மயாமியுடன் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம், டென்வருக்கு வெற்றி, 104-93. செவிலியர் ஒலியைக் குறைக்கச் சொன்னார்.

3 ஜூன்

கிரீனுக்கு முன்பே இதே பாதையில் போனவர்கள் உண்டு. ரோனி துரியாஃப் 2005இல் லேக்கர்ஸ் அணியால் தேர்வு செய்யப்பட்ட சில வாரங்களில், அவருக்கும் மகாதமனியின் அடிப்பகுதி விரிந்திருப்பது தெரிந்து, அவருடைய ஒப்பந்தமும் ரத்தாயிற்று. நெஞ்சைத் திறந்து சரிசெய்துகொண்டு அதே பருவத்திலேயே களமிறங்கினார். பின்னர் பல அணிகள் மாறி, 2012இல் மயாமியுடன் கோப்பையும் வென்றார். ஈடன் தாமஸ் 2007இல் இதய அறுவை செய்துகொண்டு மறு ஆண்டு திரும்பி வந்தார். இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

5 ஜூன்

தோற்றுவிட்டார்கள், 111-108. இன்று எதுவும் எழுத வேண்டாம்.

6 ஜூன்

நேற்று முழுவதும் கோபமாக இருந்தது, யார் மீது என்று சொல்லத் தெரியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். 2019 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், யூட்டா அவரை விடுவித்தது. 33 வயதில் ஏறத்தாழ இரண்டு மாதம் அவர் வேலையில்லாமல் இருந்தார். பிப்ரவரியில் ஹூஸ்டன் பத்து நாள் ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்தது. ஜனவரி 5க்குப் பிறகுதான் அப்படிப்பட்ட ஒப்பந்தங்களைப் போடலாம். ஓர் அணி ஒரே வீரருக்கு ஒரு பருவத்தில் இரண்டு முறைதான் கொடுக்கலாம். பிறகு பருவம் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அனுப்பிவிட வேண்டும். ஒருமுறை 90 லட்சம் பேசப்பட்ட மனிதர் பத்து நாளுக்குக் கையெழுத்திட்டார், பருவம் முடியும்வரை அங்கேயே நிலைத்தார்.

காலம் குறிக்கப்பட்ட காத்திருப்பு என்றால் எனக்குப் பத்து நாளும் போதும். தேதியே இல்லாத காத்திருப்புதான் தாங்கவில்லை.

8 ஜூன்

டென்வரின் யோகிச், மர்ரே இருவரும் ஒரே ஆட்டத்தில் முப்பது புள்ளிகளைத் தாண்டி டிரிபிள் டபுள் (மூன்று கணக்குகளில் இரட்டை இலக்கம்) எடுத்தார்கள், வெற்றி 109-94. மாலையில் குழு கூடியதாம். எனக்கு அறுவை 19ஆம் தேதி, திங்கட்கிழமை.

10 ஜூன்

108-95, கோப்பைக்கு இன்னும் ஒரே வெற்றி.

தேதி கிடைத்த பிறகு பயம் இடம் மாறிவிட்டது. இப்போது பிறகு என்ன என்பதுதான். அறுவைக்குப் பிறகு வரும் கிரீன் பழைய கிரீன்தானா? 2012-13 பருவத்தில் செல்டிக்ஸ் ஆடிய 81 ஆட்டங்களிலும் அவர் இறங்கினார். 2013 மார்ச் 18 அன்று, தொடர் வெற்றியில் இருந்த மயாமிக்கு எதிராக 43 புள்ளிகள் எடுத்தார். அவர் வாழ்நாளின் மிக அதிகமான எண்ணிக்கை அது. பாஸ்டன் இரண்டு புள்ளியில் தோற்றது. எனக்குத் தோல்வி முக்கியமில்லை. தைத்த நெஞ்சோடு ஒருவர், தைக்காத நாட்களில் எட்டாத உயரத்தை அன்று எட்டினார். 2021இல் புரூக்ளினுக்காக மில்வாக்கிக்கு எதிராக எட்டு மூன்று புள்ளி எறிதல்களில் ஏழு போட்டு 27 எடுத்த ஆட்டத்தையும் மறுபடி பார்த்தேன்.

13 ஜூன்

94-89. டென்வர் வென்றது. பதினாறாண்டுகள் கழித்து அவருக்கு முதல் கோப்பை.

அதே அணியின் பெஞ்சில் இஷ் ஸ்மித்தும் இருந்தார். 2010இல் எந்த அணியும் தேர்வு செய்யாத அவர், பதின்மூன்று அணிகளுக்கு ஆடி லீக்கின் சாதனையை வைத்திருப்பவர். இவருக்கும் இதுவே முதல் கோப்பை. ஒருவர் ஐந்தாவது தேர்வு, மற்றவர் தேர்வே ஆகாதவர், இருவரும் ஒரே மேடையில் ஒரே தொப்பியுடன் நின்றார்கள். நான் அழுதேன், எதிர்க் கட்டிலில் இருந்த பெரியவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவரிடமும் கதை முழுவதையும் சொன்னேன்.

15 ஜூன்

ரத்தம் கொடுக்க மைதானத்துப் பையன்கள் நாளை வருகிறார்கள். பதினெட்டு நிறையாதவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கிரீனின் ஒப்பந்தம் இந்த மாதத்துடன் முடிகிறது. கோப்பை வென்ற அணியே அவரை வைத்துக்கொள்ளுமா, இல்லை பெட்டியை மறுபடி கட்டுவாரா என்பது ஜூலை முதல் வாரத்தில் தெரிந்துவிடும். அதற்குள் என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்கிறார் டாக்டர். செய்தியை எழுதி வைக்கும்படி பையனிடம் சொல்ல வேண்டும்.