மகனைப் பார்க்க ஒரு மனு

நானும் கணவரும் பிரிந்தபோது மகனுக்கு எட்டு வயது. நான் தூத்துக்குடியில் நர்ஸ், நைட் ஷிப்ட் உண்டு. அதனால் அவன் திருநெல்வேலியில் அப்பா வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போகட்டும், ஞாயிறுதோறும் நான் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமை போனால் வீடு பூட்டியிருந்தது. அப்புறம் போனையும் எடுப்பதில்லை. பள்ளி வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். காதில் விழாதது மாதிரி வேனில் ஏறிவிட்டான்.

எங்கள் பிரிவில் அடியோ குடியோ இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை அம்மாவிடமோ அப்பாவிடமோ வர மறுத்தால் உடனே யாரோ தூண்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. அடிவாங்கிப் பயந்த பிள்ளையும் வர மறுக்கும். 1985-இல் ரிச்சர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இந்தத் தூண்டிவிடுதலுக்கு 'பேரன்டல் ஏலியனேஷன் சிண்ட்ரோம்' என்று ஒரு நோய்ப்பெயரே வைத்தார். அது நோயே இல்லை என்று அன்றிலிருந்து சண்டை நடக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 2017-இல் ஒரு தீர்ப்பில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டு, தகப்பனிடம் வளர்ந்த சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்கச் சொன்னது. என் வக்கீல் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருந்தார். ஆனால் மனுவில் அந்தப் பெயரை எழுதவில்லை. "பேர் வச்சா அதைப் பத்தியே வாதம் ஓடும். நடந்ததை மட்டும் எழுதுவோம்மா" என்றார். அது நல்ல யோசனை.

என்ன நடந்தது என்பது எனக்குப் பிற்பாடு மகன் வாயாலேயே தெரிந்தது. என் மாமியார் எங்கள் கிறிஸ்தவ சபையில் மதிப்புள்ளவர்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முன்னால் நிற்பவர்கள். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் பேரனை முழங்கால் போட வைத்து, "இயேசப்பா, எங்கம்மாவ மனந்திருப்புங்க, பாவ வழியிலருந்து கூட்டிட்டு வாங்க" என்று சொல்ல வைப்பார்களாம். தினமும். ஆண்டவரிடமே முறையிட்டாயிற்று என்றால் அம்மா கெட்டவள் என்பதில் அந்தப் பிள்ளைக்கு என்ன சந்தேகம் மிச்சமிருக்கும்? கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பொய்சாட்சி பொய்சாட்சிதான். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற வேதக் கட்டளையை ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதைப் பிள்ளை கைக்கொள்ள விடாமல் குறுக்கே நிற்கிற பெரியவர்களிடம் யாரும் பேசுவதில்லை.

முதலில் எங்கள் சபைப் போதகரான சேகர குருவிடம்தான் போனேன். ஐயா நல்லவர், இரண்டு வீட்டுக்கும் வந்து ஜெபித்தார், காரியம் நகரவில்லை. கோர்ட்டுக்குப் போகிறேன் என்றதும் சபை மூப்பர் ஒருவர் 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்துவிட்டார்: சகோதரனோடே சகோதரன் வழக்காடலாமா? அதை எழுதிய பவுல்தான் செசரியாவில் ரோம அதிகாரி பெஸ்துவுக்கு முன்னால் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசரிடமே மேல்முறையீடு கேட்டார் என்று சொன்னேன். சபை தீர்த்து வைத்திருந்தால் நான் ஏன் போகப் போகிறேன்? இன்னொருவர், ஒரே பிள்ளைக்கு இரண்டு பெண்கள் உரிமை கேட்டு வந்த சாலொமோன் ராஜா கதையைச் சொன்னார். உண்மையான தாய் பிள்ளையை விட்டுக்கொடுத்தாளாம், நானும் விட்டுக்கொடுக்க வேண்டுமாம். அந்தத் தாய் விட்டுக்கொடுத்தது ராஜாவின் நியாயசபையில் நின்றுகொண்டுதான் என்பதை யாரும் கவனிப்பதே இல்லை. வழக்கோடு வந்ததால்தான் பிள்ளை அவளுக்குக் கிடைத்தது.

பிள்ளையின் பொறுப்பு விஷயத்தில் இந்துக்களுக்கு 1956-இல் தனிச் சட்டம் வந்தது, கிறிஸ்தவர்களுக்கு அப்படி இல்லை. விவாகரத்து கேட்காமல் பிள்ளைக்காக மட்டும் போனால் 1890-ஆம் வருஷத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம்தான். அதன்படி போடுகிற மனுவைக் கோர்ட்டில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊரில்தான் போட வேண்டும். ஆகவே ஒவ்வொரு வாய்தாவுக்கும் தூத்துக்குடியிலிருந்து பஸ், ஷிப்ட் மாற்றம். மெயின் மனு இழுக்கும். கூடவே இடைக்கால மனு போட்டுப் பார்க்கும் உரிமையை முதலில் வாங்கிவிட வேண்டும். எனக்குச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கிடைத்தது, கோர்ட் வளாகத்திலேயே.

அந்த அறையில் கைப்பிடி உடைந்த ஒரு பிளாஸ்டிக் குதிரையும் கால் ஆடும் ஒரு மேஜையும் இருந்தன. பிடிக்குமே என்று முந்திரிக்கொத்து கொண்டுபோனேன். "ஆச்சி உங்ககிட்ட எதுவும் வாங்கித் திங்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க" என்றான். அப்புறம், "நீங்க எங்க குடும்ப மானத்தக் கப்பலேத்திட்டீங்க" என்றான். அது யாருடைய பேச்சு என்று கேட்கவா வேண்டும்? கவுன்சலர் மேடம் முன்பே சொல்லியிருந்தார்: மறுத்து வாதாடாதீர்கள், யார் சொன்னது என்று துருவாதீர்கள், அவன் அப்பாவைப் பற்றி ஒரு குறையும் சொல்லாதீர்கள். "அப்படி இல்லப்பா, நீ பெரியவனானதும் கேளு, எல்லாம் சொல்றேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு லூடோவை விரித்தேன். அவன் ஆடவில்லை. நானே இரண்டு பக்கமும் உருட்டினேன். நான் தப்பாகக் காய் நகர்த்தியபோது மட்டும், "அது செவப்பு" என்றான்.

சில வாரம் கழித்து, கிளம்பும்போது ஜெபிக்கலாமா என்று கேட்டேன். முகம் இறுகிவிட்டது, அவனுக்குத் தெரிந்த ஜெபம் ஒன்றுதானே. நான் அவன் அப்பாவின் வேலைக்காகவும் ஆச்சியின் முட்டுவலிக்காகவும் ஜெபித்து ஆமென் சொன்னேன். "ஆச்சிக்கா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான். அன்றைக்குத்தான் வீட்டு ஜெபத்தைப் பற்றிச் சொன்னான். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி வாயே திறக்கவில்லை. அதற்கடுத்த வாரம் முந்திரிக்கொத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கோர்ட் பார்க்கலாம் என்று அதே சட்டத்தில் 17-ஆம் பிரிவில் இருக்கிறது. நீதிபதி அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அதன்பின் இரண்டு தரப்பு வக்கீல்களையும் உட்காரவைத்துப் பேச, இரண்டு தரப்பும் சேர்ந்து கையெழுத்திடும் ஜாயின்ட் மெமோவில் முடிந்தது. பொறுப்பு அப்பாவிடம்தான். இரண்டாம், நான்காம் சனி ஞாயிறு என்னிடம், மே விடுமுறையில் பாதி, கிறிஸ்துமஸ் ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே. எனக்கு இது முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். பள்ளியை மாற்றி அவனை இன்னொரு தடவை பிடுங்கி நடவேண்டாம் என்று தோன்றியது.

மனு போடப் போகிறவர்கள் வக்கீலிடம் இதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்: வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்குப் போன், பள்ளி பெற்றோர் கூட்டத்துக்கு இரண்டு பேரும் வரலாமா, வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி எந்தச் சபையில், பிள்ளை தன் விசுவாசத்தைச் சபை முன் உறுதிசெய்யும் திடப்படுத்தல் ஆராதனைக்கு யார் யார் வரலாம். எங்கள் மெமோவில் திடப்படுத்தல் விட்டுப்போய்விட்டது. இப்போது அதற்கென்று தனியாக ஒரு ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு, போட்டிருக்கிறோம்.