திருத்துவதும் திருத்தப்படுவதும்

பேராசிரியர் என்றால் வாரத்துக்கு நாலைந்து வகுப்பு, மிச்ச நேரம் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடுவதை விட்டுவிட்டேன். வகுப்பில் நிற்கிற நேரத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான், அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு வருகிற வேலை வெளியே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? அது கிடக்கட்டும், எந்த வேலையில்தான் பளு இல்லை. என்னை அரிப்பது வேறு விஷயம். நாள் முழுக்க நான் யாரையாவது மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், இல்லையென்றால் யாராவது என்னை மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், இரண்டுக்கும் பயன்படுகிற தராசு ஒரு இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது.

விடைத்தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டின் மேலே இருக்கும் தாள்களுக்குக் கை தாராளமாக இருக்கும். ஒரே தவறை இருபது பேர் செய்திருப்பதைப் பார்த்த பிறகு இருபத்தோராவது ஆள் மேல் எரிச்சல் விழும், அவர் செய்ததும் முதல் ஆள் செய்த அதே தவறுதான் என்றாலும். மிக நல்ல ஒரு தாளுக்கு அடுத்து வரும் சுமாரான தாள் மோசமாகத் தெரியும். இப்படியெல்லாம் நடக்கும் என்று தெரிந்துவைத்திருப்பதால் மட்டும் தப்பிக்க முடியாது, அதனால் நான் தாள் தாளாகத் திருத்துவதில்லை. முதல் கேள்வியை எல்லோருக்கும் திருத்தி முடித்து, கட்டைக் கலைத்து அடுக்கி, பிறகுதான் இரண்டாம் கேள்வி. பெயர் இருக்கும் பக்கத்தை மடித்துவிடுவேன். நேரம் கூடுதலாகத்தான் பிடிக்கும். அப்படியும் 58 வாங்கியவருக்கும் 61 வாங்கியவருக்கும் அறிவில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது, ஆனால் முதல் வகுப்புக்கான கோடு பாழாய்ப்போன 60இல் போடப்பட்டிருந்தால் அவர்கள் இருவரின் அடுத்த சில வருடங்கள் வெவ்வேறு திசையில் போகும்.

மதிப்பெண் வெளியானதும் என் அறை வாசலில் நிற்பவர்கள் பெரும்பாலும் 88ஐ 90 ஆக்கச் சொல்கிறவர்கள். அவர்கள் மேல் கோபம் இல்லை, அந்த 2 மதிப்பெண்ணில் ஒரு ஸ்காலர்ஷிப் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் வரவேண்டியவர் வரவே மாட்டார். 23 வாங்கியவர் முதலில் கடைசி வரிசைக்குப் போவார், அப்புறம் பத்து நிமிடம் தாமதமாக வருவார், ஒரு அசைன்மென்ட் தவறும், அடுத்ததும் தவறும், பிறகு ஒருநாள் வருவது நின்றுவிடும். ஈமெயில் அனுப்பினால் பதில் வராது, ஏனென்றால் என் பெயரை இன்பாக்ஸில் பார்ப்பதே அவருக்குப் பயம். விசாரித்தால் காரணம் அனேகமாகப் பாடமாக இருக்காது. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, இரவு முழுக்க ஏதோ வேலைக்குப் போகிறார், அல்லது காலையில் எழுந்திருக்கவே மனம் வரவில்லை. எனக்குக் கொடுத்த பயிற்சி பாடத்தில்தான், இதில் எதிலும் இல்லை. மனநல ஆலோசகரிடம் போகச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள். கொஞ்சமாவது வேலை செய்வதாக நான் பார்த்தது ஒன்றுதான்: “காரணம் சொல்ல வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம், செவ்வாய்க்கிழமை வகுப்பில் வந்து உட்காருங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று இரண்டே வரி. சிலர் வருகிறார்கள். வராதவர்களைப் பற்றி எந்தப் படிவத்திலும் என்னை யாரும் கேட்பதில்லை, தேர்ச்சி விகிதத்தில் ஒரு தசமப் புள்ளி குறையும், அவ்வளவுதான்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு திருத்துகிற வேலை இன்னும் சிக்கலாகிவிட்டது. “இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கிற டூல் இருக்கிறதே, அதில் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே” என்று ஆலோசனை சொல்லாத ஆளில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு டூலை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு டூல்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று முத்திரை விழுந்தது. எளிய சொற்களில், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கக்கூடிய வாக்கியங்களில் எழுதினால் டூலுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. இதை நம்பி ஒருவரைக் குற்றவாளி ஆக்க எனக்குத் தைரியம் கிடையாது. கூப்பிட்டு உட்காரவைத்து “இரண்டாம் பத்தியில் இப்படிச் சொல்லியிருக்கிறீர்களே, ஏன்?” என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முப்பது பேர் வகுப்பில் அது நடக்கிற காரியம், இருநூறு பேர் என்றால் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், யார் தருவார்கள்? அதைவிட வருத்தம் என்னவென்றால், முன்பெல்லாம் ஒரு மாணவர் அழகாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் சந்தோஷமாக இருக்கும், இப்போது முதலில் சந்தேகம் வருகிறது, சந்தோஷம் அதற்கப்புறம்தான்.

சரி, நான் திருத்தப்படுகிற கதைக்கு வருகிறேன்.

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினால், எடிட்டர் அதை ரெவியூவுக்கே, அதாவது துறை வல்லுநர்கள் படித்துக் கருத்துச் சொல்வதற்கே, அனுப்பாமல் இரண்டே நாளில் திருப்பிவிடலாம். வலிக்கும், ஆனால் நான் அதை நல்ல நிராகரிப்பு என்பேன், நேரம் மிச்சம். மோசமானது ஏழெட்டு மாதம் கழித்து வருகிற நிராகரிப்பு. அதற்குள் அந்தக் கட்டுரையில் உழைத்த பிஎச்டி மாணவரின் உதவித்தொகை முடியும் நிலைக்கு வந்திருக்கும். முதல் ரெவியூவர் “முறை தெளிவாக இருக்கிறது, தரவு போதாது” என்பார், இரண்டாமவர் “தரவு ஏராளம், முறைதான் புரியவில்லை” என்பார். இது என் துறையின் தனிப் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். நியூரிப்ஸ் என்று இப்போது அழைக்கப்படும் இயந்திரக் கற்றல் மாநாட்டில் 2014இல் ஒரு சோதனை செய்தார்கள். வந்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கை ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழு ஏற்றுக்கொண்ட கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை இன்னொரு குழு நிராகரித்திருந்தது. நடுத்தரமான கட்டுரைக்கு ரெவியூ என்பது அனேகமாகச் சீட்டுக் குலுக்கல்தான்.

பொருளாதார வல்லுநர் ஜார்ஜ் ஏகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. இரண்டு இதழ்கள் இது அற்பமான விஷயம் என்றன, மூன்றாவது இது சரியென்றால் பொருளாதாரமே வேறு மாதிரி இருக்குமே என்றது. 1970இல் நான்காவது இதழில் வெளியாகி, 2001இல் நோபல் வரை போனது. நிராகரிப்பு வந்த நாளில் சக பேராசிரியர்கள் ஆறுதலுக்கு இந்த மாதிரிக் கதைகளைச் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது: ஜெயித்தவர் கதை மட்டும்தான் நம்மிடம் வந்து சேருகிறது. நியாயமாகவே நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கட்டுரைகளைப் பற்றி யாரும் விருந்தில் பேசுவதில்லை. ஆகவே புதிதாகச் சேர்ந்த இளைஞர்களிடம் நான் ஏகர்லாஃபைச் சொல்லாமல், நிராகரிப்புக் கடிதத்தை ஒரு வாரம் மூடிவைத்துவிட்டுப் பிறகு படியுங்கள் என்று மட்டும் சொல்கிறேன், கோபம் இறங்கின பிறகு ரெவியூவர் சொன்னதில் நாலில் ஒன்றாவது உருப்படியாகத் தெரியும்.

ஆராய்ச்சி நிதி இதைவிடப் பெரிய விரயம். ஆஸ்திரேலியாவில் 2012இல் மருத்துவ ஆய்வுக்கான அரசு நிதிக்கு வந்த சுமார் 3,700 விண்ணப்பங்களைத் தயாரிக்க ஆய்வாளர்கள் செலவிட்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் 550 ஆண்டு உழைப்பு என்று ஒரு மதிப்பீடு வந்தது. நிதி கிடைத்தது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குத்தான். மிச்சம் எல்லாம், கட்டுரையைப் போல வேறு இடத்தில் வெளியிடக்கூட முடியாத எழுத்து. கமிட்டி மீட்டிங்குகளைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை, எந்த மீட்டிங்கை எப்போது வைப்பது என்று முடிவு செய்ய ஒரு மீட்டிங் நடக்கிறது என்பதைத் தவிர.

இத்தனையையும் கடைசியில் ஒரே எண்ணாக்கிவிடுகிறார்கள். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-இன்டெக்ஸ்: மற்ற ஆய்வாளர்கள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டிய கட்டுரைகள் 20 இருந்தால் உங்கள் எண் 20. வசதியான எண், ஏறுமே தவிர இறங்காது. முப்பது வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் அப்படியே நிற்கும். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்த மாணவர் அதில் எங்கும் சேரமாட்டார்.

பாடம் நடத்துவதற்கும் எண் உண்டு, பருவ இறுதியில் மாணவர்கள் நிரப்பும் ஃபீட்பேக் படிவம். நான் பெண் என்றாலும் எனக்கு வரும் ஈமெயில்களில் பல இன்றும் “டியர் சார்” என்றுதான் தொடங்கும், அதனால் 2015இல் வெளிவந்த ஒரு ஆய்வு எனக்கு ஆச்சரியம் தரவில்லை. ஆன்லைனில் மட்டும் நடந்த ஒரு வகுப்பில் ஒரு ஆண் ஆசிரியரும் ஒரு பெண் ஆசிரியரும் ஒரு பிரிவுக்குத் தங்கள் பெயரிலும் இன்னொரு பிரிவுக்கு அடுத்தவர் பெயரிலும் பாடம் நடத்தினார்கள். யார் நடத்தினாலும் ஆண் பெயருக்குத்தான் அதிக மதிப்பெண். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திருத்திக் கொடுத்திருந்தும், தாமதமில்லாமல் திருப்பித் தருகிறாரா என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கு 5க்கு 4.35, பெண் பெயருக்கு 3.55. நாற்பத்துச் சொச்சம் மாணவர்களை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், அதை வைத்து உலகத்தை அளந்துவிட முடியாது. பதவி உயர்வுக் கூட்டத்தில் என் சராசரி 4.1, பக்கத்து அறைக்காரர் சராசரி 4.3 என்று தசமப் புள்ளி சுத்தமாக வாசிக்கும்போது மட்டும் ஞாபகம் வரும். படிவத்தில் எனக்கு உபயோகப்படுவது கையால் எழுதும் வரிகள்தான். “நான்காவது வாரத்தில் வேகம் கூடிவிட்டது” என்று ஒருவர் எழுதினால் அடுத்த பருவம் நான்காவது வாரத்தை மாற்றி அமைக்கலாம், 4.1ஐ வைத்து எதை மாற்றுவது?

இந்த எண்களைத் திட்டிக்கொண்டே நானும் மாணவர்களுக்கு ரெகமண்டேஷன் லெட்டர் எழுதுகிறேன். அதில் எல்லோரும் முதல் ஐந்து சதவீதம். எல்லோரும் அப்படி எழுதுவதால் உள்ளதை உள்ளபடி “நல்ல மாணவர், முதல் கால் பங்கில் இருப்பார்” என்று எழுதினால் அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. ஆகவே அடைமொழிகளை மற்றவர்கள் போடும் அளவுக்குப் போட்டுவிட்டு, நடுவில் ஒரே ஒரு சம்பவத்தை நிஜமாக எழுதிவிடுகிறேன், எந்தச் சோதனை எப்படிச் சொதப்பியது, அவர் அதற்கு என்ன செய்தார் என்று. படிக்கிறவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் அந்தப் பத்தியை மட்டும் படிப்பார். லெட்டர் அனுப்பிய பிறகு என்ன ஆயிற்று என்று பலர் சொல்வதில்லை. சில மாதம் கழித்து வேறொரு இடத்துக்கு லெட்டர் வேண்டும், கடைசி நாள் நாளை என்று ஈமெயில் வரும், அப்போதுதான் முந்தைய இடம் கிடைக்கவில்லை என்று தெரிந்துகொள்கிறேன்.