டாம்பிகோ 1829: தேதிவாரிக் குறிப்புகள்

ஜூலை 5
1829-இல் இதே தேதியில், மெக்சிகோவைத் திரும்பப் பிடிக்க, ஸ்பெயின் வசமிருந்த கியூபாவின் ஹவானாவிலிருந்து கிளம்பினார்கள். படைக்குத் தலைவர் பிரிகேடியர் பர்ராதாஸ், ஏறக்குறைய 3,000 ஸ்பானியச் சிப்பாய்கள், கப்பல்களுக்குத் தலைவர் லபோர்தே. மெக்சிகோ கைநழுவி 8 வருஷம். சரி, போகட்டும். ஆனால் ஜூலையிலா? வளைகுடாக் கரையில் மழையும் மஞ்சள் காய்ச்சலும் கைகோத்து வரும் காலம்.

ஜூலை 12
வழியில் புயல். ஒரு கப்பல் நியூ ஆர்லியன்ஸில் போய் ஒதுங்கியது.

ஜூலை 27
மெக்சிகோ கரையில் காபோ ரோஹோவில் இறங்கினார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தமியாவா உப்பங்கழி, நடுவில் மணல்திட்டு. வரவேற்க ஆளில்லை. மெக்சிகோ துரத்திவிட்ட ஸ்பானியர்கள் ஹவானாவில் உட்கார்ந்து, 'மன்னருக்காக ஜனம் திரண்டு எழும்' என்று சொன்னதை ஸ்பானிய அரசு நம்பியது. தனியாகப் போரிட வேண்டிவரும் என்று நினைத்து அனுப்பிய படையே இல்லை இது.

ஆகஸ்ட் 7
துறைமுக ஊரான டாம்பிகோ ஸ்பானியர் கையில். ஊர்தான் காலி. லபோர்தே பர்ராதாஸோடு முறைத்துக்கொண்டு கப்பல்களோடு திரும்பிவிட்டார். தோல்விக்கு அதுதான் காரணம் என்பவர்களோடு எனக்கு ஒத்துவரவில்லை. காய்ச்சலை எந்தக் கப்பல் பீரங்கி சுடும்?

ஆகஸ்ட் 14
ஏடிஸ் கொசு கடித்து 3 முதல் 6 நாளில் காய்ச்சல். சில நாளில் தணியும், ஆள் தேறிவிட்டதாகத் தோன்றும். சிலருக்கு மறுபடி ஏறும்: மஞ்சள் கண், கறுப்பு வாந்தி. அந்தக் கட்டத்தை எட்டியவர்களில் பாதிப்பேர் தேறுவதில்லை. ஒருதரம் பிழைத்தவருக்கு ஆயுசுக்கும் வராது. கரையில் பிறந்தவர்கள் பலருக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். ஸ்பெயினிலிருந்து வந்த புது ஆளுக்கு அந்தக் காப்பு ஏது? கொசுதான் பரப்புகிறது என்று மருத்துவர் ஃபின்லே 1881-இல் சொன்னார். அதே ஹவானாவில்.

ஆகஸ்ட் 21
பர்ராதாஸ் பக்கத்து ஊரான அல்தமிராவுக்குப் போன நேரம் பார்த்து மெக்சிகோ தளபதி சாந்தா அன்னா பானுகோ ஆற்றைக் கடந்து டாம்பிகோவைத் தாக்கினார். பர்ராதாஸ் பெரும்படையோடு திரும்பிவர, சாந்தா அன்னா நடுவில் மாட்டிக்கொண்டார். பிடிக்க வேண்டியதுதானே? பர்ராதாஸோ பேச்சு நடத்தி, அவரை ஆற்றைக் கடந்து போக விட்டுவிட்டார்! படிக்கப் படிக்க எரிச்சல்.

ஆகஸ்ட் 30
நவம்பரில் போயிருந்தால்? கொசு குறைந்திருக்கும். ஜனம் அப்போதும் எழுந்திருக்காது.

செப்டம்பர் 10
சூறாவளி. ஆற்று முகத்துவாரத்தில் ஸ்பானியர் பிடித்திருந்த சிறுகோட்டைக்குள் வெள்ளம். ஊருக்கும் கோட்டைக்கும் நடுவே மெக்சிகோ தளபதி தெரான் படையை நிறுத்தித் தொடர்பை அறுத்துவிட்டார். இரவில் கோட்டைமேல் மெக்சிகோ படையின் தாக்குதல், இரு பக்கமும் பலத்த சேதம்.

செப்டம்பர் 11
பர்ராதாஸ் சரண். மெக்சிகோவுக்கு எதிராக இனி ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்கு. ஸ்பானியர்களில் குண்டில் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்களே அதிகம். ஊர் திரும்பக் கப்பல் வேண்டும். வரும்வரை அதே கரை, அதே கொசு.

செப்டம்பர் 13
மெக்சிகோ மேட்டுநிலத்துச் சிப்பாய்க்கும் அந்தக் காய்ச்சல் புதுசுதான். அதைத் தனியாக எழுத வேண்டும்.